கடலோரத்துல வானம் ஏனுங்க வெள்ளையா இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

லீவுல பாதிப்பேரு திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு போயிட்டு வந்திருப்பீங்க போல, இந்தத் தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி கடலும் வானமும்தான். அதனால மத்த கேள்வியை அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சிட்டு இதை மட்டும் எழுதறேன், எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமுங்க இது.

கேள்வி: குடும்பத்தோட திருச்செந்தூர் போனோமுங்க. காலைல பத்து மணிக்கு மேகமே கிடையாது, ஆனா வானம் நீலமா இல்லாம பால் கலந்தாப்புல வெள்ளையா இருந்துச்சு, கடலும் வானமும் சேர்ற கோடே தெரியல. அடுத்த மாசம் ஊட்டி போனா அங்க வானம் கருநீலமா இருக்கு. கோயில் பக்கம் ஃபேக்டரி ஒண்ணும் கண்ணுல படலையே, இந்த மாசு எங்கிருந்துங்க வருது? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்க பார்த்ததுல பெரும்பங்கு மாசு இல்லீங்க, உப்பு. கடலே காத்துல தெளிச்சு விட்ட உப்பு.

ஓட்டு வீட்டுல நடுவுல ஒரு கண்ணாடி ஓடு போட்டிருப்பாங்க இல்லீங்களா, அது வழியா வெயில் சாய்வா உள்ள விழுகறப்ப பொடிப்பொடியா மினுக்கிட்டு மிதக்குமே, அதுல நாம பார்க்கறது பெரிய பொடி மட்டும்தான், அதைவிட நூறு மடங்கு சிறுசா கண்ணுக்கே சிக்காதது எக்கச்சக்கமா கூடவே மிதந்துட்டு இருக்கு. இப்படிக் காத்துல தொங்கிட்டு இருக்கற தூசி, புகை, உப்புத்துளி எல்லாத்துக்கும் சேர்த்து ஏரோசால்னு பேரு. நம்ம தலைமுடியோட தடிமன் சுமாரா 60, 70 மைக்ரோமீட்டர் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமா வெட்டுனா ஒரு துண்டு ஒரு மைக்ரோமீட்டர்). ஏரோசால் பொடி 0.01ல இருந்து 10, 20 மைக்ரோமீட்டர் வரைக்கும் இருக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலைநீளம் ஊதாவுக்கு 0.4, சிவப்புக்கு 0.7 மைக்ரோமீட்டர். பொடியோட அளவும் வெளிச்சத்தோட அளவும் இப்படிக் கிட்டக்கிட்ட இருக்குது பாருங்க, வானத்தோட நிறமெல்லாம் அதுக்குள்ளதான் அடங்கியிருக்கு.

காத்தோட மூலக்கூறு அலைநீளத்தைவிட ரொம்ப ரொம்பச் சிறுசு. அது நீலத்தை நிறைய சிதறடிக்கும், சிவப்பைக் கொஞ்சமாத்தான் சிதறடிக்கும், 0.45 நீலம் 0.65 சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல சிதறுதுன்னு 1871ல ரேலேங்கற இங்கிலாந்து விஞ்ஞானி போட்ட கணக்குல வருது, அதான் வானம் நீலம். பொடி அலைநீளத்தோட அளவுக்கு வளர்ந்துடுச்சுன்னா அந்தக் கணக்கு செல்லாது. அதுக்கான முழுக் கணக்கை 1908ல குஸ்டாவ் மீ (Mie)ங்கற ஒரு ஜெர்மனிக்காரர் போட்டாரு. அதும்படி பொடி பெருசாகப் பெருசாக நீலம் சிவப்புன்னு பாகுபாடு பார்க்காம எல்லாத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், எல்லா நிறமும் சேர்ந்து வந்தா நம்ம கண்ணுக்கு வெள்ளை.

இதை வீட்டுலயே பார்க்கலாமுங்க. ஊதுவத்தி ஒண்ணு கொளுத்தி, நுனியில இருந்து எழும்பற புகையை இருட்டான செவுத்துக்கு முன்னாடி வெச்சுப் பாருங்க, லேசா நீலமா இருக்கும். அதே புகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா வெச்சுப் பார்த்தா பழுப்பு. புகை அதேதான், நீலம் பக்கவாட்டுல சிதறிப் போயிடுச்சு, சிதறாம நேரா வந்த மிச்சம் பழுப்பா தெரியுது. இப்ப அடுப்படிக்குப் போய் இட்லிப் பானையோட மூடியைத் திறங்க, ஆவி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வெள்ளைதான், ஏன்னா அந்தத் துளி பெருசு. நீங்க திருச்செந்தூர்ல பார்த்த வானம் இட்லிப் பானை ரகமுங்க.

சரி, உப்பு எப்படிக் காத்துக்கு வந்துச்சு? தூத்துக்குடி உப்பளத்துல தண்ணி ஆவியாகறப்ப உப்பும் கூடவே மேல போகுதுன்னு நிறையப் பேர் நினைச்சிட்டு இருக்காங்க. ஆவியில உப்பு போகாது, அதனாலதான் பாத்தியில உப்பு தங்குது. உப்பைத் தூக்கி விடறது அலையோட நுரை. அலை உடையறப்ப காத்து தண்ணிக்குள்ள மாட்டி குமிழியாகி மேல வந்து வெடிக்குது, வெடிக்கறப்ப குமிழியோட மேல்தோல் கிழிஞ்சு பொடித்துளியா பறக்கும், அடியில இருந்த குழி மூடறப்ப நடுவுல ஊசியாட்டம் ஒரு தாரை எழும்பி அதுவும் துளித்துளியா அத்துக்கிட்டுப் போகும். கோலி சோடாவை டம்ளர்ல ஊத்தி மூக்குகிட்டக் கொண்டுபோனா சில்லுன்னு தெறிக்குமே, அதேதான். கடல் மேல காத்து வினாடிக்கு நாலு மீட்டரைத் தாண்டுனாலே வெள்ளை நுரை கட்ட ஆரம்பிச்சிடும், காத்து கூடக்கூட உப்பும் மளமளன்னு ஏறும். எடைக்கணக்குல பார்த்தா உலகத்துல காத்துக்குப் போற பொடியில கடலுப்பும் பாலைவனத் தூசியும்தான் முதல் ரெண்டு எடம்.

அதோட நிக்கல. ஐப்பசி மழையில கல்லுப்பு ஜாடி தண்ணி விட்டுக்கும் பாருங்க, காத்துல பறக்கற உப்புக்கும் அதே குணம். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டா கல்லா இருந்த சோடியம் குளோரைடு அப்படியே கரைஞ்சு துளியாயிடும், 80 சதவீதத்துக்கு வந்தா குறுக்களவு காஞ்ச கல்லைப் போல சுமார் ரெண்டு மடங்கு ஆயிடும், குறுக்களவு ரெண்டு மடங்குன்னா வெளிச்சத்தை மறிக்கற பரப்பு நாலு மடங்கு. உப்போட அளவு கூடவே வேண்டாம், ஈரம் ஏறுனாலே போதும், வானம் வெளுத்துடும். கடலோரத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? அப்புறம் அந்தக் கோடு. நேர் மேல பார்க்கறப்ப உப்புப்படலத்தை ஒரு கிலோமீட்டர் சொச்சத்துல தாண்டிடறோம், தொடுவானத்தைப் பார்க்கறப்ப கண்ணு அதே படலத்துக்குள்ளயே பத்து இருபது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கு, அதனால கடலோட ஓரம் வெளிச்சத்துல கரைஞ்சு போயிடுது. அடுத்த தடவை போறப்ப மூக்குக் கண்ணாடி போட்டவங்க யாராவது கரையில ஒரு மணி நேரம் காத்துக்கு எதிர்ல நின்னுட்டு, கழட்டி வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, கண்ணாடி பூரா மங்கலா பொட்டுப்பொட்டா இருக்கும், அதுல விரலை வெச்சு நாக்குல தொட்டா கரிக்கும். நான் பார்த்தேனுங்க, கரிச்சுது.

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல இருக்கு. ஏரோசால்ல பெரும்பகுதி அடியில ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ளயே அடங்கிடும், நீங்க அந்தப் படலத்துக்கு மேல ஏறி நின்னு பார்த்திருக்கீங்க, அதான் அந்தக் கருநீலம்.

கேள்வி: ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அரபிக்கடல்ல இருந்துதானுங்க நம்ம பக்கம் வருது. அப்ப உப்பும் சேர்ந்து வருமா? தென்னைக்கு ஆகுமா? – ஒரு விவசாயி, உடுமலை

பதில்: வரும், ஆனா கொஞ்சமாத்தான் வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாமுங்க. பொன்னானிக் கடற்கரையில இருந்து கோயமுத்தூருக்கு நேர்கோட்டுல 110 கிலோமீட்டர் சொச்சம். காத்து வினாடிக்கு 8 மீட்டர் வேகத்துல அடிச்சா சுமார் நாலு மணி நேரத்துல வந்துடும். 10 மைக்ரோமீட்டர் துளி ஒண்ணு அமைதியான காத்துல ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பதினோரு மீட்டர்தான் எறங்கும், 1 மைக்ரோமீட்டர் துளி ஒரு நாள் பூரா எறங்குனாலும் மூணு மீட்டர்தான். அதனால வழியில விழுந்துடும்னு சொல்ல முடியாது. உப்பை உண்மையிலேயே வழிமறிக்கறது மழை. ஆடியில கணவாய்க்கு அந்தப் பக்கம் சொட்டச்சொட்டப் பேயற மழை காத்தைக் கழுவி உப்பைக் கீழ எறக்கிடும், இக்கட்ட நமக்கு வர்றது கழுவுன காத்து. சித்திரை வைகாசியில அப்பப்ப அரபு நாட்டுப் பாலைவனத் தூசியும் அரபிக்கடல் மேல படலமா வரும், கடல் காத்துன்னாலே உப்பு மட்டும்னு எடுத்துக்க வேண்டாம்.

தென்னையைப் பத்திக் கவலையே வேண்டாமுங்க. கடற்கரையில வளர்ற மரம் அது, குளோரைடு அதுக்குச் சத்து.

கேள்வி: எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிறேன். கடலோர ஸ்டேஷன் ஒண்ணோட சன் ஃபோட்டோமீட்டர் டேட்டா வெச்சுப் ப்ராஜெக்ட் பண்றேன். ஏஓடி, ஆங்ஸ்ட்ரம் எக்ஸ்போனன்ட், சிங்கிள் ஸ்கேட்டரிங் ஆல்பிடோ மூணையும் மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா புரிஞ்ச மாதிரி இல்ல. – ஒரு மாணவி, கோபி

பதில்: அம்மணி, மனப்பாடம் பண்ணுனது பத்தலைன்னு உனக்கே தோணுச்சு பாரு, அது போதும், மீதியை நான் சொல்றேன். சன் ஃபோட்டோமீட்டர்ங்கறது நேரா வர்ற சூரிய வெளிச்சத்தை அலைநீளம் வாரியா அளக்கற கருவி, அது சூரியனைப் பார்த்து மூணு கேள்வி கேக்கற மாதிரி வெச்சுக்க. காத்துல எவ்வளவு இருக்கு? அது பெருசா சிறுசா? அது வெளிச்சத்தைத் திருப்பி விடுதா, முழுங்குதா?

எவ்வளவுன்னு சொல்றது ஏஓடி, அதாவது ஏரோசால் ஆப்டிகல் டெப்த். சூரியன் உச்சியில இருக்கறப்ப நேர்க்கதிர்ல எவ்வளவு ஏரோசாலைத் தாண்டிக் கீழ வருதுன்னு இதை வெச்சுக் கண்டுபுடிச்சிடலாம். ஏஓடி 0.1 இருந்தா 90 சதவீதம் வரும், 0.5 இருந்தா 60, 1 ஆயிடுச்சுன்னா 37 சதவீதம்தான். நடுக்கடல்ல நிலத்துக் காத்து எட்டாத எடத்துல 0.1க்குக் கீழதான் இருக்கும். நம்ம கடலோரத்துல அதுக்கு மேல காட்டுச்சுன்னா வெறும் உப்பு மட்டும் இல்ல, நிலத்துல இருந்து ஏதோ வந்து கலந்திருக்குன்னு சந்தேகப்பட ஆரம்பிக்கலாம்.

பெருசா சிறுசான்னு சொல்றது ஆங்ஸ்ட்ரம் எக்ஸ்போனன்ட், 1929ல ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரம் கொண்டு வந்தது. ஊதுவத்திப் புகை நீலத்தை அதிகமா சிதறடிக்குது, இட்லிப் பானை ஆவி எல்லாத்தையும் ஒண்ணா சிதறடிக்குதுன்னு மேல சொன்னேன் பாரு, அதை நம்பராக்குனா இதுதான். கணக்குக்குன்னு ரெண்டு உதாரணம் எடுத்துக்கலாம். ஒரு நாள் 440 நானோமீட்டர் அலைநீளத்துல (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரோமீட்டர்) ஏஓடி 0.50, 870ல 0.20 வருது, எக்ஸ்போனன்ட் 1.3 சொச்சம், அது புகை, சிறுசு. இன்னொரு நாள் 440ல 0.25, 870ல 0.22 வருது, எக்ஸ்போனன்ட் 0.2 பக்கம், அலைநீளம் மாறினாலும் ஏஓடி பெருசா மாறல, அது உப்போ பாலைவனத் தூசியோ, பெருசு. ரெண்டுல எதுன்னு இந்த நம்பர் மட்டும் சொல்லாது, காத்து எந்தத் திசையில இருந்து வந்துச்சுன்னு சேர்த்துப் பார்க்கணும். ப்ராஜெக்ட்ல நிறையப் பேர் சறுக்கற எடம் இதுதான், எக்ஸ்போனன்ட் கொறைச்சலா வந்ததும் உப்புன்னு எழுதி முடிச்சிடறாங்க.

திருப்பி விடுதா முழுங்குதான்னு சொல்றது ஆல்பிடோ. கடலுப்புக்கு அது கிட்டத்தட்ட 1, வந்த வெளிச்சத்தை அப்படியே வேற பக்கம் திருப்பி விட்டுடும், துளிகூட முழுங்காது. டீசல் கரி, வெறகுக் கரிக்கு 0.2, 0.3 அளவுதான், மிச்சத்தை முழுங்கிச் சூடாகிடும். நம்ம கடலோரத்துக் காத்துல இது ரெண்டும் கலந்தே இருக்கும், அதனாலதான் கடலோர டேட்டா இவ்வளவு சிக்கலா இருக்குது, இவ்வளவு ருசியாவும் இருக்குது. உப்பு பூமிக்குக் கொஞ்சம் நிழல் குடுக்கும், கரி கீழ நிழல் குடுத்துட்டு மேல காத்தையே சூடாக்கும், ரெண்டும் ஒரே படலமா தெரியறதை வெறுங்கண்ணால பிரிக்க முடியாது, உன் கையில இருக்கற அந்த மூணு நம்பர்தான் பிரிச்சுக் காட்டும்.

டேட்டாவை மாசம் மாசமா பிரிச்சுப் போடு. தை மாசி பங்குனியில நிலத்துப் புகை கடல் மேல படருது. 1999 ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் இந்தோயெக்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, அண்ணாமலைப் பல்கலையில இன்ஜினியரிங் படிச்ச வீ. ராமநாதன் அதை முன்ன நின்னு நடத்துனவங்கள்ல ஒருத்தர், அதுல தெக்காசியாவோட புகைமூட்டம் வடக்கு இந்தியப் பெருங்கடல் மேல எவ்வளவு தூரம் பரவிக் கிடக்குதுன்னு தெரிய வந்துச்சு. அந்த மாசங்கள்ல கடலோரத்துலயே எக்ஸ்போனன்ட் 1க்கு மேல போகும். ஆனி ஆடியில தென்மேற்குக் காத்து வந்தா அப்படியே கவுந்து கீழ எறங்கிடும். கருவி அதேதான், எடமும் அதேதான், காத்தோட வாய் மட்டும் திரும்புது. உன் ப்ராஜெக்ட்டோட நாயமே அதுதான், அதை முதல் படமா போடு. மேகம் குறுக்க வந்த ரீடிங்கை வடிகட்டுன லெவல் டேட்டாவைத்தான் எடுத்திருக்கியான்னும் ஒரு தடவை பார்த்துக்க, மெல்லிசு மேகமும் எக்ஸ்போனன்ட்டை அடிமட்டத்துக்கு எறக்கி உப்பாட்டமே காட்டும்.

இன்னொண்ணு, உனக்கு ஆசை இருந்தா படி. திருவனந்தபுரம் தும்பாவுல நம்ம விஞ்ஞானிங்க 1980கள்லயே பல அலைநீள ரேடியோமீட்டர் வெச்சுக் கடலோர ஏரோசாலை அளக்க ஆரம்பிச்சுட்டாங்க. அங்க இருந்து வளர்ந்து நாடு பூரா ஸ்டேஷன் வந்துடுச்சு. சாட்டிலைட் இருக்கறப்ப இது எதுக்குன்னு யாராவது கேப்பாங்க, சொல்லு: சாட்டிலைட்டுக்குக் கருப்பான ஆழ்கடல் மேல ஏரோசாலைப் பார்க்கறது சுலபம், கலங்குன தண்ணியும் வெள்ளை மணலும் மாறி மாறி வர்ற கரையோரம்தான் அதுக்குத் திணறல், அங்க கீழ நின்னு சூரியனைப் பார்க்கற கருவிதான் நம்பகம்.

கேள்வி: மலை கிட்ட வந்து நின்னா மழை வரும்னு எங்க அம்மாயி சொல்லும். நெசமுங்களா? – ஒரு வாசகர், அன்னூர்

பதில்: அம்மாயி கண்ணு நல்ல கருவிங்க. நீலகிரி தூரத்துல நீலமா தெரியறதுக்குக் காரணம், நமக்கும் மலைக்கும் நடுவுல இருக்கற காத்தே நீல வெளிச்சத்தை நம்ம கண்ணுப் பக்கம் சிதறி விடுது. நடுவுல தூசியும் ஈரமும் கூடுனா அந்த நீலம் வெளுத்து மலை மறைஞ்சு போகும். 1924ல கோஷ்மீடர்னு ஒருத்தர் குடுத்த சூத்திரம் இருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு வெளிச்சம் எவ்வளவு தேயுதுங்கற எண்ணால 3.9ஐ வகுத்தா எவ்வளவு தூரம் கண்ணு எட்டும்னு வந்துடும். தேய்மானம் 0.4 இருந்தா பத்துக் கிலோமீட்டர், 0.1 இருந்தா கிட்டத்தட்ட நாப்பது. மேக்கால மழை பேஞ்சு கழுவுன காத்து நம்ம பக்கம் வந்தா மலையில மரம் மரமா தெரியும், அந்தக் காத்துக்குப் பின்னாலயே அடுத்த மேகமும் வந்துட்டு இருக்கும்னு எனக்குப் படுது. அம்மாயி சொன்னதுல அர்த்தம் இருக்கு.

கேள்வி: கையில புடிக்கற ஏர் குவாலிட்டி மெஷின் வாங்குனேன். பொள்ளாச்சியில பச்சை காட்டுது, கோழிக்கோடு பீச்சுக்குக் கொண்டுபோனா பிஎம் 2.5 எகிறிச் சிவப்பு காட்டுது. கடற்காத்து உடம்புக்கு நல்லதுன்னுதான குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறோம்? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பயப்படாதீங்க, ஆனா அலட்சியமும் வேண்டாம், ரெண்டையும் சொல்லிடறேன்.

பிஎம் 2.5ங்கறது 2.5 மைக்ரோமீட்டரும் அதுக்குக் கீழயும் இருக்கற நுண்பொடி, ஆனா உங்க மெஷின் அந்தப் பொடியை எடை போடறது இல்லீங்க. உள்ள ஒரு குட்டி லேசர் இருக்கு, பொடி அதுக்குக் குறுக்க போறப்ப சிதறுன வெளிச்சத்தை அளந்து அதுல இருந்து எடையை யூகிக்குது. பீச்சுல சாயங்காலம் ஈரம் ஏறுனதும் உப்புத்துளி ஊதிப் பெருக்குது, சிதறல் பல மடங்கு ஆகுது, மெஷின் அதையும் பொடின்னே நெனச்சுக் கணக்குல சேர்த்துடும், அதுல முக்கால்வாசி வெறும் தண்ணி. அரசாங்க ஸ்டேஷன்ல இருக்கற பெரிய கருவி காத்தைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிட்டுத்தான் அளக்கும். அதனால ஈரப்பதம் 75, 80 தாண்டுன நேரத்துல உங்க மெஷின் சொல்றதை அப்படியே எடுத்துக்க வேண்டாம்.

டாக்டருங்க பயப்படறது எரிஞ்சு வர்ற நுண்பொடியைப் பார்த்து. நம்ம நாட்டு அளவுகோல்ல பிஎம் 2.5 ஒரு நாளைக்குக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், வருஷச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021ல அதையே 15, 5ன்னு எறக்கிடுச்சு. எனக்கு நெசமாவே கவலை குடுக்கறது வேற. நம்ம ஊர்ல பொழுதோட குப்பையைக் கூட்டி ரோட்டோரம் பத்த வெக்கறாங்க பாருங்க, அந்தப் புகை சிறுசு, மெல்லிசா நீலமா போகும், மலையை மறைக்காது, வானத்தை வெளுக்காது, யாருக்கும் உறுத்தாது. கடலோரத்து வெள்ளையைப் பார்த்துப் பதறுற நாம இந்த நீலத்தைப் பார்த்துட்டு சும்மா போறோம். பிளாஸ்டிக் எரியற அந்தக் குமியைத் தாண்டி ஸ்கூல் குழந்தைங்க நடந்து போகுதுங்க. பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க தைரியமா, ஆனா தெருவுல எரியறதை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை கேளுங்க.

நம்ம பக்கம் போகிக்கு டயர் எரிக்கற பழக்கம் இல்ல, வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வெச்சு காப்புக் கட்டறோம். சென்னையில போகி விடியக்காலம் புகையும் கடல் ஈரமும் ஒண்ணு சேர்ந்து பக்கத்து ஆள் தெரியாத அளவுக்கு ஆகி விமானமெல்லாம் தாமதமாகியிருக்கு. காப்புக் கட்டற வழக்கத்தை நாம விடாம இருக்கணுமுங்க.

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் நெலம் வாங்கி சோலார் போடலாம்னு இருக்கோம். கடலோர மூட்டத்துல கரண்ட் கொறையுமா? – தாராபுரம் வாசகர்

பதில்: கொறையும், ஆனா நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. உப்புத்துளி வெளிச்சத்தை முழுங்கறது இல்ல, திருப்பி விடுது, அதுலயும் பெரும்பகுதியை முன்பக்கமாவே தள்ளி விடுது, சூரியனைச் சுத்தி ஒரு வெள்ளைக் கூசல் தெரியும் பாருங்க, அதான். தட்டைப் பேனல் அந்தச் சிதறுன வெளிச்சத்தையும் புடிச்சுக்கும். கண்ணாடி வெச்சுக் குவிக்கற டைப்புக்குத்தான் நேர்க்கதிர் கட்டாயம் வேணும். நீங்க யோசிக்க வேண்டியது பேனல் மேல உப்பும் தூசியும் சேர்ந்து அப்பிக்கறதையும், ஸ்டேண்டு துருப்புடிக்கறதையும்தான். கழுவறதுக்கு நல்ல தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு நெலத்துக்கு அட்வான்ஸ் குடுங்க.

கேள்வி: கடல் நீலமா இருக்கறது வானத்தோட நிழல்தானுங்களே? – ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: பாதிதான். 1921ல சர் சி.வி. ராமன் இங்கிலாந்துல இருந்து நர்கண்டா கப்பல்ல திரும்பி வர்றப்ப மத்தியதரைக் கடல்ல இதையேதான் யோசிச்சாரு. ஒரு நிக்கோல் பட்டகத்தை வெச்சு, தண்ணி மேல பட்டுத் திரும்பற வான வெளிச்சத்தை வெட்டிட்டுப் பார்த்தாரு, நீலம் மறையல, இன்னும் அடர்த்தியாத்தான் தெரிஞ்சுது. தண்ணி சிவப்பை உறிஞ்சிடுது, தண்ணியோட மூலக்கூறு நீலத்தைச் சிதறடிக்குது. அந்த யோசனைதான் 1928ல ராமன் விளைவு வரைக்கும், 1930ல நோபல் வரைக்கும் கொண்டு போச்சு. நம்ம திருச்சியில பொறந்தவரு, கப்பல் மேல்தட்டுல நின்னு கையில ஒரு பட்டகத்தோட. எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு ஒடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: எட்டாவது பிள்ளைங்களுக்கு இதைச் செஞ்சு காட்ட ஒரு சோதனை சொல்லுங்க, லேப் இல்லாத ஸ்கூல். அப்புறம் ஒரு காலத்துல சூரியன் பச்சையா தெரிஞ்சுதுன்னு படிச்சேன், அது நெசமுங்களா? – ஒரு டீச்சர், ஈரோடு பக்கம்

பதில்: நெசமுங்க டீச்சர், அதுவும் நம்ம மெட்ராஸ் மாகாணத்துலயே. 1883 ஆகஸ்ட் கடைசியில இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சுது, செப்டம்பர்ல தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் சூரியன் பச்சையா, நீலமா தெரிஞ்சிருக்கு. மெட்ராஸ்ல அதைப் பார்த்து எழுதி வெச்சவர் மிச்சி ஸ்மித்ங்கறவர், பின்னால கொடைக்கானல் வானாய்வகத்தோட முதல் டைரக்டரா இருந்தாரு. சாதாரணமா பொடியில சின்னதும் பெருசும் கலந்து கிடக்கும், சூரியன் மஞ்சள், செவப்புன்னு போகும். எப்பவாவது அபூர்வமா எல்லாப் பொடியும் ஒரே அளவுல, சுமாரா அலைநீளத்தைவிடக் கொஞ்சம் பெருசா வந்துடுச்சுன்னா, நீலத்தைவிடச் செவப்பை அதிகமா சிதறடிச்சிடும், மிச்சமா நேரா வர்றது பச்சையும் நீலமும். மீயோட கணக்குல இதுவும் வருது, ஆனா அவரு கணக்குப் போட்டது அதுக்கு 25 வருஷம் கழிச்சு.

சோதனைக்கு ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணி, ஆடை எடுத்த பால் கொஞ்சம், செல்ஃபோன் டார்ச் போதும். ஜன்னலைச் சாத்தி ரூமை இருட்டாக்கிக்கோங்க. டம்ளர்ல முக்கால் தண்ணி ஊத்தி டார்ச்சை ஒரு பக்கத்துல ஒட்டி வெச்சு அடிங்க, வெறும் தண்ணியில வெளிச்சம் போற வழியே தெரியாது. இப்ப ஒரு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்க. பக்கத்துல இருந்து பார்க்கற பிள்ளைக்குத் தண்ணி லேசா நீலம் அடிக்கும், டார்ச்சுக்கு நேர் எதிர்ல நின்னு பார்க்கற பிள்ளைக்கு டார்ச் மஞ்சளா, இன்னும் ரெண்டு சொட்டு விட்டா சாயங்காலச் சூரியனாட்டம் செம்மஞ்சளா தெரியும். ரெண்டு பிள்ளைங்களையும் எடம் மாறி நிக்க வையுங்க, அதுங்க மொகத்தைப் பார்க்கணுமே அப்ப. மேல மேலப் பால் விட்டா நீலம் போய் முழுக்க வெள்ளையாயிடும். இங்க அது வெள்ளையாகறது பால் பொடி பெருசானதால இல்ல, வெளிச்சம் ஒரு பொடியில பட்டு, அதுல இருந்து இன்னொண்ணுல பட்டு, திரும்பத் திரும்பச் சிதறறதால, கேக்கற பிள்ளைங்களுக்கு அதைப் பிரிச்சுச் சொல்லிடுங்க, பெருசான பொடிக்கு இட்லிப் பானை ஆவியையே காட்டுங்க. எத்தனாவது சொட்டுல நீலம் மறைஞ்சுதுன்னு ஒவ்வொரு பிள்ளையும் எண்ணி நோட்டுல எழுதட்டும். அந்த நம்பரெல்லாம் எனக்கும் எழுதி அனுப்புங்க டீச்சர், அடுத்த இதழ்ல போடலாம்.